ஒலிபெருக்கி வேண்டாத குரல்

மேலைநாட்டார் 'ஒபேரா' என்றழைக்கும் இசை நாடகத்தில் உச்சக் குரலில் பாடும் பெண்ணைச் 'சொப்ரானோ' என்பர். ஒலிபெருக்கியின் துணையின்றி, வாத்தியங்களின் முழக்கத்தையும் கடந்து, அரங்கின் கடைசி வரிசைக்கும் அக்குரல் எட்ட வேண்டும். அத்தகைய குரலொன்று நம் தமிழ் மேடைக்கும் வாய்த்திருந்தது. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளைத்தான் குறிப்பிடுகிறோம்.

அல்லிநகரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலும் திருவிழா இரவுகளில் 'வள்ளி திருமணம்' கண்டவர்களுக்கு அம்மேடையைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒலிக்க, விடிய விடிய நடப்பது அந்நாடகம். 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடக சபை கண்ட சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளே அதன் உயிர். கிறிஸ்தவ மக்கள் போற்றிய ஞானசௌந்தரி கதையும் இதே மேடையில் எல்லாச் சமயத்தாரையும் கண்ணீர் விடச் செய்தது என்பதை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

1908-இல் பிறந்த சுந்தராம்பாள் வறுமையில் வளர்ந்தவர். இரயிலில் பாடிப் பிழைத்த சிறுமியை நாடகக்காரர்கள் கண்டெடுத்தனர் என்பர். இலங்கை மேடைகளில் அவர் பெயர் பரவிய காலத்தில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. இருவர் குரலும் ஒன்றையொன்று விஞ்சப் பார்த்தன, ஊர்கள் திரண்டன. 1927-இல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பாவோ ஏற்கெனவே மணமானவர். 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் அவர் மாண்டார். அன்றுமுதல் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார், அணிகலன் துறந்தார், எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

இதனைப் பதிபக்தி என்று புகழ்ந்து அத்துடன் நிறுத்திக்கொள்வது எளிது. எமக்கு அது போதவில்லை. கணவர் உயிரோடிருந்த நாளில் இவ்வம்மையார் எழுதிய கடிதங்கள் பின்னாளில் வெளிவந்தன. புறக்கணிக்கப்பட்ட ஒரு பெண்ணின் துயரமும் சினமும் அவற்றில் மறைவின்றித் தெரிகின்றன. அன்பு செய்தவர் அவர்; ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அன்பு செய்தவர் அல்லர்.

அந்த உறுதி அவரது கலையை முடக்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அந்நாளில் கேள்விப்படாத தொகை. 1953-இல் ஔவையார், 1964-இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள். தீண்டாமைக்குள் பிறந்த அடியவர், முதுமையை வேண்டிப் பெற்ற புலவர், சமணத் துறவி. மணவாழ்வின் எல்லைக்கு வெளியே நிற்கும் பாத்திரங்களையே அவர் தேடிச் சென்றார், அல்லது அவையே அவரைத் தேடி வந்தன. கதாநாயகியருக்கு முப்பது வயதிலேயே முதுமை வந்துவிடும் திரையுலகில், ஐம்பத்தைந்து கடந்த பின்னும் அவருக்கென்று காட்சிகள் எழுதப்பட்டன.

காங்கிரஸ் மேடைகளிலும் அவர் பாடினார். சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். 'துணைவன்' படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டின் தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் மறைந்தார்.

தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடந்து செல்வோரின் வழியெங்கும் அவர் பாட்டு ஒலிக்கக் கேட்கிறோம், இப்போது ஒலிபெருக்கிகளில்.