ஆறரை மில்லிமீட்டர் இடைவெளி: திருவனந்தபுரத்தின் அஞ்சல் விமானமும் சிற்றுருப் பெட்டிகளும்

திருவனந்தபுரத்தின் வான்வரலாறு என்றவுடன் தும்பாவும் 1963 நவம்பர் 21-ஆம் நாளும் நினைவுக்கு வருவது இயல்பு. அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே, 1935-இல், டாடா நிறுவனத்தின் ‘ஃபாக்ஸ் மாத்’ விமானம் ஒன்று பம்பாயிலிருந்து இந்நகரில் வந்திறங்கியது. மன்னர் சித்திரைத் திருநாளுக்கு வைசிராய் வில்லிங்டன் பிரபு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அதில் வந்தது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அஞ்சல் துறையின் கடிதங்கள் இங்கிருந்து வான்வழியே பம்பாய்க்குப் புறப்பட்டன. இன்று தமிழகமெங்கும் வழங்கும் ‘அஞ்சல்’ என்னும் சொல், அன்று இச்சமஸ்தானத்தின் தனித் தபால் துறைக்குப் பெயராக இருந்தது. அத்துறை 1951-இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. நாகர்கோவிலும் தக்கலையும் அடங்கியிருந்த திருவிதாங்கூர் அது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

இந்த விமானத்தை மேசைமேல் வைக்கத்தக்க சிற்றுருவாகச் செய்ய விரும்பும் ஒருவர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் வெறும் கைவேலைச் சிக்கல்கள் அல்ல என்பது என் கருத்து. இரண்டு பிளாஸ்டிக் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில் தெரியும் இடுக்கு, அப்பாகங்கள் எங்கே, எப்போது, எந்தச் சந்தைக்காக வார்க்கப்பட்டன என்பதைச் சொல்லும் சான்று. தொழில் வரலாற்றாசிரியர்கள் அதைப் படித்தறியலாம்.

விமானச் சிற்றுருக்களில் பெரிதும் வழங்கும் அளவு 1/72. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கும் கணக்கு இது. 1930களின் இங்கிலாந்தில் நிலைபெற்றது. 1936-இல் ‘ஃபிராக்’ நிறுவனம் ‘பெங்குவின்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் பாகங்களாலான விமானப் பெட்டிகளை வெளியிட்டது. அவற்றுக்குப் பயன்பட்ட பொருள் செல்லுலோஸ் அசிட்டேட். இப்பொருளில் கலக்கப்படும் இளக்கிகள் ஆண்டுகள் செல்லச்செல்ல வெளியேறுவதால் பாகங்கள் சுருங்கும், முறுகும். அக்காலப் பெட்டியொன்றை இன்று திறப்பவர் காணும் வளைந்த இறக்கைக்கு, அதைச் செய்தவரின் கவனக்குறைவு காரணமன்று, வேதியியலே காரணம்.

போருக்குப் பின் பாலிஸ்டைரீன் வந்தது. இரு எஃகு அச்சுகளை இறுக மூடி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்துடன் உள்ளே செலுத்துவார்கள். குளிரும்போது அது ஏறத்தாழ அரை விழுக்காடு சுருங்கும். அச்சு வடிப்பவர் இதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்கிறார். ஆனால் தடித்த பகுதி மெல்லிய பகுதியைவிட மெதுவாகக் குளிர்வதால் அங்கே குழி விழும். சூடு தணியுமுன் அச்சிலிருந்து எடுத்தால் பாகம் வளையும். பல்லாயிரம் முறை பயன்படுத்திய அச்சின் விளிம்பு தேய்ந்து, அந்த இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து பிசிறாகப் படியும்.

பிசிறைக் கொண்டே ஒரு நிறுவனத்தின் கதையைச் சொல்லிவிடலாம். ஃபிராக் 1976-இல் தன் பெட்டிகளை நிறுத்தியது. அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குச் சென்று ‘நோவோ’ என்ற பெயரில் மீண்டும் உற்பத்திக்கு வந்தது. ஜெர்மானிய, ஜப்பானியப் போர் விமானங்களின் அச்சுகளோ ‘ரெவெல்’ நிறுவனத்தை அடைந்தன. போர் முடிந்து முப்பதாண்டுகளான பின்னும் எஃகு அச்சுகள் அணிவாரியாகப் பிரிந்தன!

இனி ஃபாக்ஸ் மாத்துக்கு வருவோம். 1932 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்த இவ்விமானத்தை டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ஆர்தர் ஹாக் வடிவமைத்தார். செலவைக் குறைப்பதே நோக்கம். ஆகவே இறக்கை, வால், சக்கரத் தாங்கி போன்றவற்றை அதே நிறுவனத்தின் ‘டைகர் மாத்’ பயிற்சி விமானத்திலிருந்து எடுத்துக்கொண்டார். ஒட்டுப்பலகை வேய்ந்த உடற்பகுதியை மட்டும் புதிதாக வரைந்தார். பயணிகள் முன்புறம் மூடிய அறைக்குள் அமர்வார்கள். விமானியோ அவர்களுக்குப் பின்னால் திறந்த குழியில், காற்றிலும் மழையிலும்! பம்பாயிலிருந்து மேற்குக் கடற்கரை நெடுகப் பறந்துவந்தவரின் நிலையை நினைத்துப் பார்க்கலாம்.

பெரிய நிறுவனங்களின் பட்டியல்களில் ஸ்பிட்ஃபயரைக் காண்பதுபோல ஃபாக்ஸ் மாத்தைக் காண முடியாது. டைகர் மாத் எளிதில் கிடைக்கும். ‘ஏர்ஃபிக்ஸ்’ 1950களிலேயே அதை வெளியிட்டது, 2014-இல் புதிய அச்சிலும் கொண்டுவந்தது. எனவே சிற்றுருக் கலைஞர் ஹாக் சென்ற வழியிலேயே செல்கிறார்: டைகர் மாத்தின் இறக்கைகளை எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி உடற்பகுதியைத் தாமே கட்டுகிறார். அங்கேதான் பொருத்தம் கைவிடுகிறது. டைகர் மாத்தின் இறக்கை வீச்சு 8.94 மீட்டர், ஃபாக்ஸ் மாத்துக்கு 9.41 மீட்டர். 1/72 அளவில் இவ்வேறுபாடு 6.5 மில்லிமீட்டர். அதைப் பெட்டி தராது.

இந்தியாவில் இச்சிக்கலுக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. 2001 ஏப்ரல் வரை நீடித்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளின் காலத்தில், வெளிநாடு சென்று திரும்பிய உறவினரின் பெட்டியில்தான் இவை வந்துசேர்ந்தன. சுங்க அட்டவணை இவற்றைப் பொம்மைகளோடு 9503 என்ற ஒரே தலைப்பில் வைத்திருப்பதால், பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தபோது இவையும் அதில் சிக்கின. பொருந்தாத பெட்டியைத் தூர எறிந்து வேறொன்று வாங்கும் வசதி இங்கே சிலருக்கே வாய்க்கும். அதனால் சரிசெய்யும் கலை வளர்ந்தது. பசையிடுவதற்கு முன் பலமுறை சேர்த்துப் பார்ப்பது, உட்புற முளைகளை அரத்தால் தேய்த்துவிடுவது, உடற்பகுதி ஒடுங்கியிருந்தால் உள்ளே தகட்டுத் துண்டைக் குறுக்காக வைத்து அகட்டுவது ஆகியவை எங்கும் உள்ளவை. இடுக்கை நிரப்ப ஃபெவிக்விக்கோடு முகப்பவுடரைக் குழைப்பதும், அகன்ற பிளவுக்குத் தண்ணீர்க் குழாய் அடைக்கும் எம்-சீலைத் திணிப்பதும், கார்ப் பட்டறைப் பட்டியைப் பூசி உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்ப்பதும் நம் கடைத்தெருக்கள் தந்த தீர்வுகள்.

நிரப்பலாமா என்பது தனிக் கேள்வி. 1936-இன் பெங்குவின் பெட்டி ஒன்று கையிலிருந்தால் அதன் முறுகலைச் சூடுகாட்டி நிமிர்த்தவோ விளிம்பை அராவவோ கூடாது. அந்த முறுகலே அதன் வரலாறு. நேற்று வாங்கிய டைகர் மாத்துக்கு அத்தகைய புனிதம் எதுவும் இல்லை. அதை வெட்டலாம், நீட்டலாம், பட்டி பூசலாம். ஆனால் திருவனந்தபுரத்துக்கு வந்த ஃபாக்ஸ் மாத் என்று பெயர்ப்பலகை எழுதி ஒரு கல்லூரிக் காட்சிப்பேழையில் வைப்பதாக இருந்தால், எந்தப் பாகம் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, நடுவில் எத்தனை மில்லிமீட்டர் சேர்க்கப்பட்டது என்ற குறிப்பை அடித்தட்டில் ஒட்டியாக வேண்டும். வண்ணம் பூசிய பின் அந்த 6.5 மில்லிமீட்டரை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது.