எரிமலை ஆகாத மலை

பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில் ஓவர்ன் என்றொரு மலைநாடு உண்டு. அங்குள்ள மலைகளுள் பல, அணைந்துபோன எரிமலைகள். அவற்றுள் ஒன்றான புய் தெ டோம் உச்சிக்கு 1952ஆம் ஆண்டில் 'டூர் டி பிரான்ஸ்' மிதிவண்டிப் பந்தயம் முதன்முதலாக ஏறியது. அம்மலைகளுக்கு இடையே செல்லும் சந்தடியற்ற சாலைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டே நிலத்தின் வரலாற்றைப் படிப்போர் பலர்.

நமக்கு அப்படியொரு வாய்ப்பு உண்டா? திருப்பூருக்குக் கிழக்கே, காங்கயம் வட்டாரத்தில் உண்டு. அங்கே எரிமலை எதுவும் இல்லை. ஆனால் நிலத்தின் அடியில் எழுந்த நெருப்புக் குழம்பு உறைந்து உருவான மலை ஒன்று உண்டு. அந்த நெருப்பு விட்டுச் சென்ற கற்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரி வரை பேசப்பட்டன. அக்கதை நடந்த இடங்கள் யாவும் ஒரு பகல் சைக்கிள் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

உள்ளே உறைந்த நெருப்பு

பூமியின் ஆழத்தில் உருகிய நிலையில் உள்ள பாறையைப் பாறைக்குழம்பு என்கிறோம். அது மேலே வந்து பொங்கினால் எரிமலை. அப்படி வழிந்த குழம்பு காற்றுப்பட்டு விரைவில் ஆறுவதால், அதில் மணிகள் வளர நேரமில்லை. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மராட்டிய நாட்டில் பரவிய தக்காணக் கரும்பாறை இவ்வகை.

எல்லாக் குழம்பும் மேலே வந்துவிடுவதில்லை. சில, வழியிலேயே நின்று, மேலுள்ள நிலம் போர்வையாக மூடியிருக்க, மெல்ல மெல்ல ஆறுகின்றன. அப்போது படிகங்கள் பெரிதாக வளர்கின்றன. பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெயிலும் மேற்போர்வையைக் கரைத்துவிட, உள்ளிருந்த பாறை வெளியே தலைகாட்டுகிறது. காங்கயத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிவன்மலை இப்படிப் பிறந்ததுதான். அதன் வயது ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகள்.

முருகன் கோயிலுக்காகப் படியேறுவோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இம்மலையின் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் ஆராய்ந்து, 1901இல் தனி நூலாகவே வெளியிட்டார். சிவன்மலையின் பெயரையே அப்பாறைத் தொகுதிக்கும் இட்டார். நெஃபிலீன் சையனைட் என்பது இப்பாறையின் பெயர். இதில் சிலிக்கா குறைவு, அலுமினா மிகுதி. சிலிக்காவோடு சேர்ந்தது போக எஞ்சிய அலுமினா, சில இடங்களில் தனியே படிகமாகிறது. அப்படிகமே குருந்தக்கல். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்பது. நீல நிறம் பெற்றுத் தெளிவாக அமைந்தால் நீலக்கல் எனப்படுவது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது.

சிவன்மலைக்கு அருகே, திருப்பூர்–காங்கயம் சாலையில் உள்ளது படியூர். அங்கே வேறொரு வகைப் பாறையில், பெக்மடைட் எனப்படும் பருமணிப் பாறை நாளங்களில், பெரில் என்னும் கடல்நிறக் கல் கிடைத்தது. பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆன கல் அது. சிறிதளவு கலந்த இரும்பே அதற்கு நீலப்பச்சை நிறத்தைத் தருகிறது.

உரோமாபுரியின் விருப்பம்

உரோமானிய அறிஞர் பிளினி தம் 'இயற்கை வரலாறு' என்ற நூலில் பெரிலைப் பற்றி எழுதியுள்ளார். அது இந்தியாவில் விளைவது, பிற நாடுகளில் அரிது, கடல் நீரின் பசுமையை ஒத்த கல்லே சிறந்தது என்பன அவர் தரும் செய்திகள். அக்கற்களை ஆறு பட்டையாகத் தீட்டுவர் என்றும் கூறுகிறார். பெரில் படிகம் இயற்கையிலேயே ஆறு பக்கம் கொண்டு வளர்வது என்பதை எண்ணிப் பார்த்தால், அவர் கேட்டறிந்த செய்தி எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும்.

ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கிறது என்று குறைப்பட்டவரும் இவரே. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அதனருகே சென்று உயிர்நீத்தார். எரிமலையால் மாண்ட அவர், எரிமலை ஆகாத நம் நிலத்துக் கல்லைப் பற்றி எழுதி வைத்துச் சென்றிருக்கிறார்.

கணவாய் தந்த வழி

கடல்வழி வந்த வணிகர் மேற்குக் கரையின் முசிறியில் இறங்கினர். அங்கிருந்து கொங்கு நாட்டுக்கு எப்படி வருவது? நீலகிரியும் ஆனைமலையும் 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து மறிக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே, 30 கிலோமீட்டருக்கும் கூடுதலான அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. பொதிமாடும் வண்டியும் மூச்சுத் திணறாமல் கடக்கக்கூடிய வழி அது. கணவாயைக் கடந்து, நொய்யலை ஒட்டிக் கிழக்கே நடந்தால் சேரர் தலைநகரான கரூரை அடையலாம். கோவையை அடுத்த வெள்ளலூர், காங்கயத்தை அடுத்த கத்தாங்கண்ணி, உடுமலைப்பேட்டையை அடுத்த பூதிநத்தம் ஆகிய ஊர்களில் புதையலாகக் கிடைத்த உரோமானிய நாணயங்கள் இவ்வணிகத்துக்குச் சான்று. பிற்காலத்திலும் இவ்வழி மறையவில்லை. சுண்டக்காமுத்தூர் அருகே உள்ள சோழர் காலக் கல்வெட்டு இதை 'இராசகேசரிப் பெருவழி' எனப் பெயரிட்டுக் குறிக்கிறது.

நொய்யல் கரைத் தொழிற்கூடம்

பெருவழியை ஒட்டி நொய்யலின் வடகரையில் இருந்த ஊர் கொடுமணல். பதிற்றுப்பத்து 67, 74ஆம் பாடல்களில் அணிகலன்களுக்குப் பெயர்பெற்றதாகக் கூறப்படும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இங்கு அகழாய்வு செய்தது. புதுவைப் பல்கலைக்கழகம் 2012, 2013 ஆண்டுகளில் மேலும் தோண்டியது. கிடைத்த கரிமக் கணிப்புகளுள் மிகப் பழையவை கி.மு. 400 அளவுக்குச் செல்கின்றன.

அங்கே கண்டவை யாவை? பெரில், நீலக்கல், படிகக்கல் ஆகியவற்றின் மணிகள். துளையிட்டு முடிக்கப்பட்டவை, துளையிடாதவை, பாதியில் உடைந்தவை என்று தொழிலின் ஒவ்வொரு கட்டமும் மண்ணுக்குள் இருந்தது. இரும்பு உருக்கிய உலைகள் இருந்தன. நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் தக்களிகளும் இருந்தன. பின்னலாடையால் உலகறிந்த இத்திருப்பூர் வட்டாரத்தில், நூலின் தொடக்கம் அத்தனை பழையது! வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல் பொறித்த பானை ஓடும் கிடைத்தது.

சூதுபவளம், அகேட் ஆகிய கற்களும் அங்கே மணிகளாக்கப்பட்டன. இவை எரிமலைக் குழம்புப் பாறையின் பொந்துகளில் விளைபவை; குசராத்துப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்பர். எரிமலை இல்லாத ஊருக்கு, எரிமலைக் கல்லும் கூலி வேலைக்கு வந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலப்போக்கில் உரோமானிய வணிகம் தேய்ந்தது, கொடுமணல் சிற்றூராயிற்று. நெடுங்காலம் சென்று, 1819–20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் மீண்டும் சுரங்கமிட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரில் கற்களை எடுத்தார். பின்னர் அதுவும் கைவிடப்பட்டது.

மிதிவண்டியில் செல்வோருக்கு

மாட்டுவண்டி மணிக்கு 3, 4 கிலோமீட்டர் செல்லும். சைக்கிள் 12 முதல் 15 வரை. பேருந்தில் தெரியாத ஏற்ற இறக்கம் சைக்கிளில் காலுக்குத் தெரியும். பழைய வணிகர் ஏன் இந்த வழியைத் தேர்ந்தனர் என்பதற்கு உங்கள் முழங்காலே விடை சொல்லும்.

திருப்பூர்–காங்கயம் நெடுஞ்சாலையில் வண்டிகள் மிகுதி. ஆகவே இயன்றவரை கிராமச் சாலைகளையே தேர்ந்துகொள்ளுங்கள். படியூர், சிவன்மலை, பிறகு வடக்கே நொய்யலைக் கடந்து கொடுமணல் என்பது நல்ல வரிசை. வழிநெடுகக் கிளுவை முள்வேலி அடைத்த கொறங்காடுகளைக் காண்பீர்கள். வேலமரமும் கொழுக்கட்டைப் புல்லும் நிறைந்த மேய்ச்சல் நிலங்கள் இவை. மண் ஆழம் குறைந்தது, மழை குறைந்தது. உழவுக்கு அரிதான அந்நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டு, காங்கயம் மாட்டினத்தை வளர்த்தனர் நம் முன்னோர்.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே பீறிட்டு வரும். உரோமானியக் கப்பல்களை அரபிக்கடல் கடத்திக் கொண்டுவந்ததும் இதே பருவக்காற்றே. கிழக்கே போகையில் அது உங்களைத் தள்ளும்; வீடு திரும்புகையில் தடுக்கும். தை, மாசி மாதங்களில் வெயிலும் காற்றும் தணிந்திருக்கும். தண்ணீர் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

எஞ்சியிருப்பதைக் காப்போம்

நொய்யல் பாலத்தில் சற்றே நின்று பாருங்கள். மணியும் நூலும் செய்தோருக்கு நீர் தந்த ஆறு இது. 1992இல் பாசனத்துக்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சாயக் கழிவு தேங்கும் குளமாக மாறியது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு வந்த பின்னரே அவை இயங்கலாம் என்றாயிற்று.

கொடுமணலின் ஈமக் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் திறந்த வெளியில் கிடப்பவை. உழவுக்காகவும் கல்லுக்காகவும் கலைக்கப்பட்டவை பல. ஒரு பானை ஓடு எந்த ஆழத்தில், எதன் அருகே கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் கையில் மிஞ்சுவது வெறும் ஓடு. எனவே பாருங்கள், வரைந்துகொள்ளுங்கள், படம் எடுங்கள், எதையும் எடுக்காதீர்கள். புதிதாக எதையேனும் கண்டால் ஊர் ஆசிரியரிடமோ தொல்லியல் துறையிடமோ கூறுங்கள்.

பாறை உருவாகி ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகள் ஆயின. அதன்மேல் மனிதர் எழுதிய வரலாறு ஈராயிரத்து நானூறு ஆண்டுகள். அதை அழிக்க ஒரு மண்வாரி எந்திரத்துக்கு ஒரு பிற்பகல் போதும். ஓய்வு நாள் ஒன்றில் விடியற்காலையே சைக்கிளை எடுங்கள். அந்த வரலாற்றைக் கண்ணால் கண்டவர் தொகை கூடக் கூட, அதைக் காக்கக் குரல் கொடுப்போர் தொகையும் கூடும்.