பாம்புச் சிற்றுண்ணி

பாம்புச் சிற்றுண்ணி என்பது பாம்புகளின் குருதியை உறிஞ்சி வாழும் ஒரு புற ஒட்டுண்ணி ஆகும். இதன் அறிவியற் பெயர் ஓபியோனிசஸ் நேட்ரிசிஸ். சிலந்தி, தேள், உண்ணி ஆகியன அடங்கிய சிலந்தி வகுப்பைச் சேர்ந்த இவ்வுயிரியை பிரெஞ்சு விலங்கியலாளர் பால் ஜெர்வே 1844 இல் முதன்முதலாக விவரித்தார். விலங்குக் காட்சியகங்களிலும் வீடுகளிலும் வளர்க்கப்படும் பாம்புகளில் இது உலகெங்கும் காணப்படுகின்றது. சில பல்லி இனங்களையும் தாக்குவதுண்டு. இதனை ஒழிக்க வேதிப்பொருள் தெளிப்பான்கள் பரவலாகப் பயன்படுகின்றன. எனினும் இவற்றுட் பல, சிற்றுண்ணியின் நரம்பு மண்டலத்தைத் தாக்குவது போலவே ஊர்வனவற்றின் நரம்பு மண்டலத்தையும் தாக்கக்கூடியவை. எனவே தவறாகப் பயன்படுத்தப்படும் மருந்து, ஒட்டுண்ணியை விட விரைவாக விலங்கைக் கொன்றுவிடலாம்.

உடலமைப்பு

வளர்ந்த பெண் சிற்றுண்ணி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுடையது. ஆண் இதனினும் சிறியது. குருதி உண்ணாத நிலையில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாகவும், உண்டபின் கருஞ்சிவப்பு அல்லது கருமை நிறமாகவும் தோன்றும். செதில்களுக்கு அடியிலும், கண்ணைச் சுற்றிய பள்ளத்திலும், தாடையின் கீழ் மடிப்பிலும், கழிவாயின் அருகிலும் இவை ஒட்டியிருக்கும்.

வாழ்க்கை வட்டம்

இதன் வாழ்வு ஐந்து நிலைகளைக் கொண்டது. அவையாவன:

1. முட்டை
2. இளவுயிரி - ஆறு கால்கள் உடையது, உணவு உண்பதில்லை
3. முதல் அணங்குப் பருவம் - குருதி உண்ணும்
4. இரண்டாம் அணங்குப் பருவம் - உணவு உண்பதில்லை
5. முதிர்நிலை - குருதி உண்ணும்

குருதி உண்ட பெண் சிற்றுண்ணி பாம்பின் உடலை விட்டு நீங்கி, கூண்டின் மேற்பகுதியிலுள்ள இருண்ட, ஈரமான இடுக்குகளை நாடிச் சென்று முட்டையிடும். தன் வாழ்நாளில் 60 முதல் 80 முட்டைகள் வரை இடக்கூடும். கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண்கள் தோன்றும். ஆகவே தனித்த ஒரு பெண் சிற்றுண்ணியே ஒரு கூண்டு முழுவதும் பரவப் போதுமானது. 25 பாகை செல்சியசு அளவிலான வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் உள்ள சூழலில் முட்டை ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முதிர்நிலையை அடைகின்றது. இச்சூழல் பெரும்பாலான வளர்ப்புப் பாம்புகளுக்கும் ஏற்றதென்பதால், பாம்புக்காகச் செய்யப்படும் ஏற்பாடுகளே ஒட்டுண்ணிக்கும் துணைபுரிகின்றன.

பாதிப்புகளும் அறிகுறிகளும்

பாதிக்கப்பட்ட பாம்பு நீர்க்கிண்ணத்தினுள் நெடுநேரம் சுருண்டு கிடக்கும். கிண்ணத்தின் அடியில் மூழ்கி இறந்த சிற்றுண்ணிகள் கரும்புள்ளிகளாகத் தென்படும். செதில்களின் மேல் காணப்படும் வெண்ணிறத் தூள் சிற்றுண்ணிகளின் கழிவாகும். உடலைக் கரடான பொருள்களில் தேய்த்தல், உணவு மறுத்தல், சட்டை சரிவர உரியாமை ஆகியனவும் அறிகுறிகளாம். தாக்குதல் கடுமையாயின் குருதிச்சோகை உண்டாகி இறப்பு நேரலாம். ஏரோமோனாஸ் ஐட்ரோபிலா என்னும் பாக்டீரியாவை இது ஒரு பாம்பிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துகின்றது. சில வேளைகளில் மனிதரையும் கடித்துத் தோலில் அரிப்பையும் சிறு கொப்புளங்களையும் தோற்றுவிக்கும்.

வேதிப்பொருள்கள்

பெர்மெத்ரின்: 1973 இல் இங்கிலாந்தின் ரோதம்சுடெட் ஆய்வு நிலையத்தில் உருவாக்கப்பட்ட செயற்கைப் பைரித்ராயிடு. நரம்புகளின் சோடியம் வாயில்கள் மூடுவதைத் தடுத்து வலிப்பையும் பின்னர் செயலிழப்பையும் உண்டாக்குகின்றது. இதன் நச்சு குறைந்த வெப்பநிலையில் கூடுதலாக வெளிப்படும். ஊர்வனவற்றின் உடல் வெப்பம் சூழலைப் பொறுத்தது என்பதால், குளிர்ந்த நிலையில் உள்ள விலங்குக்கு இடர் மிகுதி. ஊர்வனக் கூண்டுகளுக்கென விற்கப்படும் தெளிப்பான்களில் 0.5 விழுக்காடு அளவில் இது உள்ளது. நாய்களின் தோலில் இடுவதற்கான சொட்டு மருந்துகளில் 40 விழுக்காட்டுக்கும் கூடுதலாக இருப்பதுண்டு. அவற்றை ஊர்வனவற்றுக்குப் பயன்படுத்தலாகாது.

ஐவர்மெக்டின்: 1981 முதல் கால்நடை மருத்துவத்தில் பயன்படுவது. இதனை நீரில் கலந்து தெளிக்கும்போது, ஒரு லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் என்னும் அளவு கால்நடை மருத்துவத்தில் கையாளப்படுகின்றது. மாடுகளுக்கான 1 விழுக்காடு ஊசிமருந்தின் ஒரு மில்லிலிட்டரிலேயே 10 மில்லிகிராம் அடங்கியுள்ளது. ஆகவே கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் அளவு பத்து மடங்காகிவிடும். மேலும் இது நீரில் எளிதிற் கரையாது. ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்காவிடில் கலவையின் செறிவு சீராக இராது. ஆமைகளுக்கு இம்மருந்து வாதத்தையும் இறப்பையும் விளைவிக்கும் என்பது 1983 இல் வெளியான ஆய்வினால் அறியப்பட்டது. ஆமைகள் உள்ள இடத்தில் இதனைத் தெளித்தல் கூடாது.

பிப்ரோனில்: நாய், பூனைகளின் தெள்ளுக்கான மருந்து. நேரடியாகத் தெளிக்காமல், துணியில் நனைத்து விலங்கின் உடலை மெல்லத் துடைப்பது வழக்கம். இதனுடன் கலந்துள்ள ஆல்ககால் சிறிய விலங்குகளுக்குத் தீங்கானது.

டைக்ளோர்வாசு: ஆவியாகும் கரிமபாசுபேட்டு. இதில் தோய்ந்த பட்டைகள் முன்னர்க் கூண்டுகளில் தொங்கவிடப்பட்டன. விலங்கு அந்த ஆவியை இடைவிடாது சுவாசிக்க நேர்வதாலும், பாதுகாப்பான அளவைக் கணிப்பது கடினம் என்பதாலும் இம்முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

தெளிக்கும் முறை

முட்டைகளும் உணவு உண்ணாத பருவங்களும் பாம்பின் உடலில் அன்றிக் கூண்டிலேயே இருப்பதனால், விலங்கிற்கு மட்டும் மருந்திடுவது பயனளிக்காது. கூண்டுக்கான பெர்மெத்ரின் தெளிப்பானைப் பயன்படுத்தும்போது பின்வரும் ஒழுங்கு கடைப்பிடிக்கப்படுகின்றது.

1. விலங்கை வேறொரு கலத்திற்கு மாற்றி, நீர்க்கிண்ணத்தையும் அகற்றுதல்.
2. படுக்கைப் பொருளைக் கட்டி எறிந்துவிட்டு, கூண்டை வெந்நீரால் கழுவி உலர்த்துதல்.
3. மூலைகளிலும் இடுக்குகளிலும் மெலிதாகத் தெளித்தல். கூண்டு நனைந்து வழியுமாறு தெளித்தல் தவறு.
4. கூண்டைத் திறந்து வைத்து, தெளிப்பு முற்றாக உலர்ந்து வாடை நீங்கும் வரை காற்றோட்டம் அளித்தல். பெரும்பாலான விபத்துகள் இக்கட்டத்தில் அவசரப்படுவதாலேயே நேர்கின்றன.
5. தாளை விரித்து விலங்கைத் திரும்ப விடுதல். நீர்க்கிண்ணத்தை மருந்தின் உறையில் கூறப்பட்டுள்ள காலம் கழிந்த பின்னரே வைத்தல்.
6. முட்டைகள் பொரித்து வெளிவருபவற்றை அழிக்க, உறையில் உள்ள இடைவெளியில் மீண்டும் தெளித்தல்.

தெளிப்பவர் கையுறை அணிதல் வேண்டும். பெர்மெத்ரின் மீன்களுக்கும் பூனைகளுக்கும் கொடிய நஞ்சு ஆகையால், மீன்தொட்டியும் பூனையும் உள்ள அறையில் தெளிக்கலாகாது. இரண்டு வேறு மருந்துகளை ஒரே வேளையில் பயன்படுத்துவதும், நலிந்த அல்லது நீரிழப்பு உற்ற விலங்கிற்கு மருத்துவரைக் கலக்காமல் மருந்திடுவதும் தவிர்க்கப்பட வேண்டியன.

நச்சேற்றத்தின் அறிகுறிகள்

நடுக்கம், மிகை உமிழ்நீர், தலையை வானோக்கி வளைத்தல், மல்லாத்தினால் மீண்டும் திரும்ப இயலாமை, வலிப்பு ஆகியன நச்சேற்றத்தைக் காட்டும். உடனடியாக விலங்கைத் தூய காற்றுள்ள இடத்திற்கு மாற்றி, உடலில் மருந்து பட்டிருப்பின் வெதுவெதுப்பான நீரால் கழுவி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பயன்படுத்திய மருந்தின் உறையையும் உடன் எடுத்துச் செல்லுதல் நன்று. கரிமபாசுபேட்டு நஞ்சிற்கு அத்திரோப்பின் முறிமருந்தாகும். பெர்மெத்ரினுக்குத் தனி முறிமருந்து இல்லை. ஆதலால் எந்த நஞ்சு என்று அறிவது சிகிச்சைக்கு இன்றியமையாதது.

தடுப்பு முறைகள்

புதிதாக வாங்கிய விலங்கை ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை தனி அறையில் வெண்ணிறத் தாளின் மேல் வைத்துக் கண்காணிப்பது சிறந்த தடுப்பு முறையாகும். வெண்மையான பரப்பில் சிற்றுண்ணிகள் எளிதிற் புலப்படும். தனிமையில் உள்ள விலங்கை இறுதியாகக் கையாண்டு, பின் கைகளைக் கழுவுதல் வேண்டும். சிற்றுண்ணிகளை இரையாகக் கொள்ளும் வேறு சிற்றுண்ணி இனங்களைக் கூண்டில் விட்டுக் கட்டுப்படுத்தும் முறையும் வேதிப்பொருளுக்கு மாற்றாகக் கையாளப்படுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

- உண்ணி
- ஒட்டுண்ணி வாழ்வு
- ஊர்வன
- பைரித்ராயிடு