ஓட்டை இலையும் ஓயாத பெயர்க் குழப்பமும்

ஓட்டல் வாசலிலும் ஆபீஸ் வரவேற்பறையிலும் தொட்டியில் நிற்கும் அந்தப் பெரிய இலைச் செடியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இலையின் நடுவே அங்கங்கே ஓட்டை, ஓரங்களில் ஆழமான வெட்டு. பூச்சி தின்றுவிட்டதோ என்று தோன்றும். இல்லை... அதன் பிறவியே அப்படித்தான்! பெயர் மான்ஸ்டெரா. சொந்த ஊர் மெக்சிகோவின் தென்பகுதி, குவாதமாலா பக்கத்து மழைக்காடுகள். நம் ஊர் சேம்பு, சேனை, வீட்டுக்கு வீடு வளர்க்கும் மணி பிளான்ட் எல்லாம் இதற்குப் பங்காளிகள்.

இதன் வரலாற்றைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். பார்த்தவர்கள் பாதியைப் பார்த்துவிட்டுப் பெயர் வைத்தார்கள். அந்தக் குழப்பத்துக்கு மக்கள் இன்னமும் காசு கொடுக்கிறார்கள்.

முதலில் கண்ணில் பட்டது இதன் தம்பி முறைச் செடி ஒன்று. பிரான்ஸ் நாட்டுத் துறவி சார்ல் ப்ளூமியே, கரீபியன் தீவுகளில் கண்ட ஓட்டை இலைக் கொடியை 1693-ல் வெளிவந்த தன் நூலில் வர்ணித்தார். 1753-ல் லின்னேயஸ் அதற்கு 'ட்ராகோன்டியம் பெர்ட்டூசம்' என்று பெயர் சூட்டினார். முதல் பாதி டிராகனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, இரண்டாம் பாதிக்குத் 'துளைபட்டது' என்று பொருள். 1763-ல் அடான்சன் என்ற பிரெஞ்சு அறிஞர் 'மான்ஸ்டெரா' என்ற தனிப் பேரினத்தையே உருவாக்கினார். காரணத்தை அவர் எழுதி வைக்கவில்லை. விசித்திரப் பிறவி என்று பொருள்படும் லத்தீன் சொல்லை, இலையைப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்கிறார்கள்.

அடுத்து 1849. மெக்சிகோவில் சுற்றித் திரும்பிய டென்மார்க் தாவரவியலாளர் லீப்மான், அங்கே கண்ட பெரிய வகைக்கு 'மான்ஸ்டெரா டெலிசியோசா' என்று பெயர் வைத்தார். சுவையானது என்று அர்த்தம். ஆம், இதில் பழம் உண்டு! பார்க்கச் சோளக்கதிர் மாதிரி இருக்கும். பழுக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். மேலே உள்ள செதில்கள் தானாக உதிர்ந்த பிறகுதான் சாப்பிட வேண்டும். அவசரப்பட்டால் சேனைக்கிழங்கு போலவே வாயும் தொண்டையும் அரித்து எரியும்.

அதே காலத்தில் பெர்லினில் வேறு கூத்து நடந்தது. அங்கே வளர்ந்த இளம் செடிகளைப் பார்த்தவர்கள் அதைப் பிலோடென்ட்ரான் என்ற வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். தாவரவியல் அதைத் திருத்திவிட்டது, வியாபாரம் திருத்தவில்லை. அமெரிக்க நர்சரிகளில் 'ஸ்ப்ளிட் லீஃப் பிலோடென்ட்ரான்' என்ற பெயர் இன்றும் ஓடுகிறது.

சரி, ஓட்டை எதற்கு? இலை சிறு குருத்தாக இருக்கும்போதே சில செல்கள் திட்டமிட்டதுபோல் இறந்துபோகின்றன. குண்டூசி முனை அளவில் உண்டாகும் துளை, இலை விரிய விரியப் பெரிதாகிறது. மான்ஸ்டெரா ஆப்ளிகுவா என்ற இனத்தில் இதை ஆராய்ந்த கட்டுரை 2005-ல் வந்தது. பயன் என்ன என்பதற்கு 2013-ல் கிறிஸ்டோபர் மியூர் ஒரு விளக்கம் சொன்னார். அடர்ந்த காட்டின் அடியில் வெயில் சின்னச் சின்னப் பொட்டுகளாகத்தான் விழும். ஓட்டை உள்ள இலை, அதே அளவு பச்சையை அதிகப் பரப்பில் விரித்து வைக்கிறது. சராசரியாகக் கிடைக்கும் வெளிச்சம் கூடுவதில்லை, ஆனால் ஒன்றுமே கிடைக்காத ஆபத்து குறைகிறது. மொத்தப் பணத்தையும் ஒரே பங்கில் போடாமல் பல பங்குகளில் பிரித்துப் போடும் முதலீட்டாளரின் கணக்குதான் இது!

இனி காசு விஷயம். 2021 ஜூனில் நியூசிலாந்தின் ஆன்லைன் ஏலத்தில் ஒரு தொட்டிச் செடி 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. இருந்தது ஒன்பதே இலை. இலையில் வெள்ளைத் திட்டுகள், அதற்குத்தான் அந்த விலை. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் அது செடிக்கு உணவு தயாரிப்பதில்லை என்பது தனிக் கதை. 'மினி மான்ஸ்டெரா' என்று கடைகளில் அழைக்கப்படும் அந்த வகை உண்மையில் மான்ஸ்டெராவே அல்ல! ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா என்பது அதன் பெயர், ஊர் தாய்லாந்தும் மலேசியாவும். மெக்சிகோவோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இன்னொன்றும் நடக்கிறது. அரிய ஆப்ளிகுவா என்று சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் சாதாரண அடான்சோனிதான். (ப்ளூமியே பார்த்த அதே கொடி. பிற்பாடு அடான்சன் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.) அசல் ஆப்ளிகுவாவின் இலை காகிதம்போல் மெல்லியது. அதிலும் பெருவில் கிடைக்கும் பிரபலமான வகையில் இலையைவிட ஓட்டையே அதிகம்.

செடி வாங்கப் போகிறவர்கள் இதையும் நினைவில் வையுங்கள். டெலிசியோசாவின் இளம் இலையில் ஓட்டையே இருக்காது, முழு இதய வடிவில்தான் இருக்கும். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பொறுத்திருந்தால், ஓட்டை தானாக வரும்.