தகவலறிந்த ஒப்புதல்

தகவலறிந்த ஒப்புதல் என்பது, ஒரு சோதனையையோ அறுவைச் சிகிச்சையையோ வேறு மருத்துவத்தையோ மேற்கொள்ளும் முன், அது என்ன, ஏன் தேவை, அதனால் என்ன தீங்கு நேரலாம், வேறு வழி உண்டா என்பவற்றை மருத்துவர் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க, அதன்பின் நோயாளி எவருடைய வற்புறுத்தலுமின்றி அளிக்கும் இசைவு ஆகும். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இது பெரும்பாலும் 'ஒப்புதல் படிவம்', 'சம்மதக் கையெழுத்து' என்னும் பெயர்களாலேயே அறியப்படுகிறது. ஆயினும் படிவம் வேறு, ஒப்புதல் வேறு. விளக்கம் அளிக்கப்பட்டது என்பதற்குப் படிவம் ஒரு சான்று மட்டுமே. விளக்கம் இன்றிப் பெறப்படும் கையெழுத்து, மென்பொருள் ஒன்றை நிறுவும்போது நிபந்தனைகளைப் படிக்காமலேயே 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவதை ஒத்தது.

தோற்றம்

வயது வந்த, தெளிந்த மனமுடைய ஒருவரின் உடலுக்கு என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கே உரியது என்னும் கொள்கையை 1914ஆம் ஆண்டில் நியூயார்க் மாநில நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ ஒரு தீர்ப்பில் வகுத்தார். 'தகவலறிந்த ஒப்புதல்' என்பதற்கு இணையான ஆங்கிலத் தொடர் 1957இல் கலிபோர்னிய நீதிமன்றத் தீர்ப்பொன்றின் வழியாகப் பரவலானது. இரண்டாம் உலகப் போரின்போது நாசி மருத்துவர்கள் கைதிகள் மீது நடத்திய சோதனைகளைத் தொடர்ந்து உருவான 1947ஆம் ஆண்டு நியூரம்பெர்க் நெறிமுறை, ஆய்வுக்கு உட்படுவோரின் தன்விருப்ப ஒப்புதலை முதல் விதியாக வைத்தது.

எவ்வளவு விளக்க வேண்டும் என்பதில் இரு அளவுகோல்கள் உள்ளன. பொறுப்புள்ள மருத்துவர்கள் வழக்கமாக எவ்வளவு கூறுவர் என்பது ஒன்று. நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் எதை அறிய விரும்புவார் என்பது மற்றொன்று. அமெரிக்காவின் பல மாநிலங்கள் 1972க்குப் பின் இரண்டாவதை ஏற்றன. முதலாவதை நெடுங்காலம் பின்பற்றிய பிரித்தானியாவும் 2015இல் இரண்டாவதற்கு மாறியது.

இந்தியச் சட்டத்தில்

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. அச்சத்தாலோ தவறான புரிதலாலோ அளிக்கப்பட்ட ஒப்புதல் ஒப்புதலாகாது என்பது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவில் இது 28ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. ஒப்புதல் பெற இயலாத அவசர நிலையில் நோயாளியின் நலன் கருதி நல்லெண்ணத்துடன் செயற்படும் மருத்துவருக்கு அதன் 30ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது.

இத்துறையில் முதன்மையானது 2008 சனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய சமீரா கோலி எதிர் பிரபா மஞ்சந்தா தீர்ப்பாகும். 1995இல் தில்லி மருத்துவமனை ஒன்றில் 44 வயதான மணமாகாத பெண் ஒருவர் லேப்பராஸ்கோப்பி எனப்படும் உள்நோக்கிச் சோதனைக்கு ஒப்புதல் அளித்திருந்தார். அவர் மயக்க நிலையில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் இசைவு பெற்று, கருப்பையும் சூலகங்களும் நீக்கப்பட்டன. மருத்துவர் நோயாளியின் நன்மையைக் கருதியே அவ்வாறு செய்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் அச்செயலை ஏற்கவில்லை. நோயாளி வயது வந்தவர். சிறிது நேரத்தில் நினைவு திரும்பக் கூடியவர். உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. எனவே தாயின் இசைவு செல்லாது என்றும், சோதனைக்கு அளித்த ஒப்புதல் சிகிச்சைக்கு அளித்த ஒப்புதலாகாது என்றும் தீர்ப்பளித்தது. மருத்துவருக்கு அறுவைக் கட்டணம் மறுக்கப்பட்டது. 25,000 உரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது. பறிக்கப்பட்ட முடிவின் பெருமையோடு ஒப்பிட இத்தொகை மிகச் சிறியது.

சிகிச்சையின் தன்மை, அதன் பயன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க இடர்கள், சிகிச்சையை மறுத்தால் நேரும் விளைவு ஆகியவற்றை நோயாளிக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பது இத்தீர்ப்பு வகுத்த வரையறை. மிக அரிதான இடர்கள் அனைத்தையும் கூறத் தேவையில்லை. அமெரிக்க அளவுகோல் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது எனக் கருதிய நீதிமன்றம், மருத்துவர்களின் ஏற்கத்தக்க நடைமுறையையே அளவாகக் கொண்டது.

யாருடைய ஒப்புதல்?

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் கூறாக எண்ணுகிறது. இன்றும் நோயின் விவரம் முதலில் உடனிருப்பவரிடமே கூறப்படுகிறது. புற்றுநோய் எனில் நோயாளிக்குத் தெரிய வேண்டாம் எனக் குடும்பத்தார் கேட்டுக்கொள்வதும் வழக்கம். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் நோயாளி, உறவினர், பொறுப்புள்ள நண்பர்கள் ஆகியோரை ஒன்றாகவே குறிப்பிடுகின்றன. இவ்வழக்கம் அன்பில் பிறந்தது என்பது உண்மையே. ஆனால் உறவினரின் கையெழுத்து நோயாளியின் ஒப்புதலுக்கு மாற்றாகாது.

பெண்களுக்கு இவ்வேறுபாடு குறிப்பாக முதன்மையானது. 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறைந்த, மனநலம் உள்ள பெண்ணின் ஒப்புதல் மட்டுமே தேவை; கணவரின் கையெழுத்து தேவையில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் விதிகளே முரண்படுகின்றன. மேற்கூறிய 2002ஆம் ஆண்டு விதிகள் கணவன், மனைவி இருவரின் ஒப்புதலையும் கேட்கின்றன. நடுவண் அரசின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ துணைவரின் ஒப்புதல் தேவையில்லை என்கிறது.

தருமபுரி மாவட்டத்தில்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி (68.5%). பெண்களிடையே இது சுமார் 60% மட்டுமே. தமிழுடன் தெலுங்கு, கன்னடம் பேசுவோரும் இங்கு வாழ்கின்றனர். 2008இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஓரிடத்தில், அச்சிட்ட தாளை நீட்டிக் கைநாட்டுப் பெறுவது எவ்வகையிலும் ஒப்புதலைப் பெற்றதாகாது. 'பயாப்சி' என்பதைச் 'சதைப் பரிசோதனை' எனக் கூறுவதும், கேட்டதை நோயாளியின் சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் செய்வதும் சில நிமிடங்களில் முடிபவை. வெளிநோயாளிகள் வரிசை நீளும்போது முதலில் கைவிடப்படுபவையும் இவையே.

இம்மாவட்டத்தில் மருத்துவர் சொல்லவே கூடாத செய்தி ஒன்றும் உண்டு. பெண் சிசுக்கொலைக்காக 1990களில் நாடெங்கும் பேசப்பட்ட பகுதி இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் விரிவாக்கப்பட்டது. பின்னர் ஸ்கேன் கருவி வந்தது. 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, கருவறி சோதனையின் பக்கவிளைவுகளைக் கருவுற்ற பெண்ணுக்கு விளக்கி, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்து வடிவில் ஒப்புதல் பெற்று, அதன் படியை அவரிடமே அளிக்குமாறு கட்டளையிடுகிறது. அதே பிரிவு, கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்வகையிலோ அவருக்கோ உறவினருக்கோ தெரிவிப்பதைத் தடுக்கிறது. விளக்கும் கடமையும் மறைக்கும் கடமையும் ஒரே பிரிவில் அமைந்திருப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் இங்கு மறைக்கப்படுவது நோய் பற்றிய செய்தியன்று. குடும்பத்தாரின் நெருக்குதல் அந்தப் பெண்ணின் மீது எந்த வழியாக வருமோ, அந்த வழி அடைக்கப்படுகிறது. 2020களிலும் இம்மாவட்டத்தில் சட்டவிரோத ஸ்கேன் கும்பல்கள் கைது செய்யப்பட்டுள்ளன.

சோதனைகளும் ஆய்வுகளும்

எச்.ஐ.வி. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை அளிப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயம். தமிழ்நாட்டில் இதற்கான இடங்கள் 'நம்பிக்கை மையம்' எனப்படுகின்றன. மருந்தாய்வுகளில் விதிகள் இன்னும் கடுமையானவை. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில், பழங்குடி மாணவியர் பலருக்காக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டிருந்தது தெரியவந்து, 2010 ஏப்ரலில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி, படிக்க இயலாதவரிடம் ஒப்புதல் பெறும்போது ஆய்வுடன் தொடர்பற்ற சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருக்க வேண்டும்.