பொட்டலும் பந்தமும்: மலையகக் கூத்தின் ஒளி வரலாறு

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவர்கள் தம் பட்டநெறியின் ஒரு கூறாக ஒளியமைப்பைக் கற்கின்றனர். அரங்கின் எந்த இடம் எந்தக் கணத்தில் எவ்வளவு துலங்க வேண்டும், எது இருளில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்து, அதற்கேற்ப விளக்குகளை நிறுத்தி, வண்ணம் கொடுத்து, ஏற்றி இறக்கும் தொழிலறிவே ஒளியமைப்பு எனப்படும். இதன் வரலாறு பெரும்பாலும் இலண்டனிலிருந்தே தொடங்கிச் சொல்லப்படுகிறது. 1817இல் ட்ரூரி லேன் அரங்கில் வாயு விளக்குகள் எரிந்தன. 1881இல் சவோய் அரங்கம் முழுவதும் மின்னொளி பெற்றது. 1920களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ் ஒளியமைப்பை ஒரு கல்வித்துறையாகக் கற்பிக்கத் தொடங்கினார். இந்த வரிசை பிழையன்று. ஆயினும் நுவரெலியாவிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வரும் தோட்டத்துப் பிள்ளை இதை மட்டுமே படிக்கும்போது, தன் ஊருக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாத ஒரு தொழிலுக்குள் நுழைவதாக எண்ணிக்கொள்ள நேர்கிறது. மலையகத் தேயிலைத் தோட்டங்களின் கூத்து மரபு அந்த எண்ணத்தை மறுக்கிறது.

தமிழ் அரங்கு விளக்கைப் பற்றிச் சிந்தித்தது நேற்றன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட அரங்கை விவரித்து, மூவகைத் திரைகளைக் கூறி, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்குகளை நிறுத்த வேண்டும் என்றும் குறிப்பிடுகிறது. நிழல் விழும் திசையை எண்ணி விளக்கின் இடத்தைத் தேர்வது ஒளியமைப்பின் முதற்பாடம். அந்தப் பாடம் அரசவை அரங்குக்கு உரியதாக இருந்தது. மலையகத்துக்குக் கடல் கடந்து வந்தது வேறொரு மரபு; அது தூணும் திரையும் இல்லாத வெட்டவெளியின் மரபு.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் வழியாக வந்த மக்கள், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கூத்துகளுள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் தோட்டங்களில் வேரூன்றின. ஆடுவதற்குத் தனி மண்டபம் ஏதும் இல்லை. லயத்துக்கு அருகிலுள்ள வெளியோ, கோவில் முன்றலோ ஆடுகளமாயிற்று. காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்தில், நின்றவர்களே மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பி ஆட வேண்டியிருந்தமையால், கூத்து இரவுக்கு உரியதாகவே இருந்தது. ஆகவே விளக்கு இக்கூத்துகளுக்கு அலங்காரமாக அல்ல, முதல் தேவையாகவே அமைந்தது.

காமன் கூத்தின் நாட்கணக்கே ஓர் ஒளித்திட்டத்தைப் போல் அமைந்துள்ளது. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின், மூன்றாம் பிறையை ஒட்டிக் காமன் பொட்டல் எனப்படும் திடலில் கம்பம் ஊன்றப்படுகிறது. காமனாகிய மதன், அவன் மனைவி ரதி ஆகியோரின் வேடம் பூணும் ஆண்கள் காப்புக் கட்டி விரதம் காக்கின்றனர். நிலவு வளர வளரக் கூத்தும் வளர்ந்து, முழுநிலவை ஒட்டிய இரவில் சிவனின் நெற்றிக்கண் திறந்து காமன் எரிகிறான். மாசி மாதம் மத்திய மலைநாட்டில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் காலம் என்பதால், கிராமத்தில் பிறந்த இந்த நாட்கணக்கு புதிய மண்ணிலும் பொருந்தி நின்றது. கதையின் தொடக்க நாட்களில் இருளும் சிறு விளக்குமாக இருந்த பொட்டல், காமன் எரியும் இரவில் மேலே நிலவும் கீழே தீயுமாக மாறுகிறது. அந்தத் தீ ஒரே நேரத்தில் கதையின் நிகழ்வாகவும் களத்தின் விளக்காகவும் இருக்கிறது. கம்பம் எரிந்து தணியத் தணிய ரதியின் புலம்பல் மங்கும் வெளிச்சத்தில் தொடர்கிறது. ஒரு காட்சியின் உணர்ச்சிக்கு ஏற்ப ஒளியைக் குறைக்கும் உத்தியை நவீன அரங்கு மின்தணிப்பானைக் கொண்டு செய்கிறது என்றால், பொட்டலில் அதைக் கம்பத்தைச் சுற்றிய வைக்கோலின் எரியும் வேகமே செய்தது. எரிந்த மூன்றாம் நாளில் காமன் உயிர்பெற்று எழுவதோடு விழா நிறைவுறுகிறது.

இந்தக் களத்தின் ஓரத்தில் எரிந்த இன்னொரு தீ அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. காமன் கூத்தின் உயிர்நாடியான தப்பு தோலிசைக் கருவி. ஈரக் காற்றிலும் பனியிலும் அதன் தோல் தளர்ந்து ஒலி மங்கிவிடும். ஆகவே தப்படிப்போர் அடிக்கடி ஒதுங்கி, வைக்கோலோ சருகோ கொளுத்திய தீயின் முன் தப்பைச் சுழற்றிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, ஒலி ஏறியதும் களத்துக்குத் திரும்புவர். நுவரெலியாவின் குளிரில் இது சமவெளியைவிட அடிக்கடி நேர வேண்டியிருந்திருக்கும். இசையைச் சீராக்க மூட்டிய அந்தத் தீ, பார்வையாளரின் ஒரு பக்கத்து முகங்களையும் அடுத்து வரவிருக்கும் ஆட்டக்காரரையும் துலக்கியது. ஒலிக்கும் ஒளிக்கும் ஒரே தீயைப் பயன்படுத்திய இந்தச் சிக்கனம், அரங்கத் தொழில்நுட்ப நூல் எதிலும் இடம்பெறத் தகுந்தது.

ஆட்டக்காரரை நேரடியாகத் துலக்கியது பந்தம். துணியை இறுகச் சுற்றி எண்ணெயில் நனைத்துக் கொளுத்தும் இந்தக் கைவிளக்கைப் பிடிப்பவர், ஆட்டக்காரரோடு நகர வேண்டும். அவர் சுழலும்போது விலகவும், நின்று பாடும்போது முகத்தருகே வரவும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்க் கூத்துகளில் இரு பக்கமும் ஒவ்வொருவர் பந்தம் பிடிக்கும் வழக்கம் இருந்ததற்குக் காரணம் எளியது: ஒரு பக்கத்து வெளிச்சம் மட்டும் விழுந்தால் மறுபாதி முகம் இருண்டு, ஒப்பனையும் மெய்ப்பாடும் தெரியாமல் போகும். 1932இல் வெளிவந்த தம் நூலில் மெக்காண்ட்லெஸ், நடிப்பிடம் ஒவ்வொன்றையும் இரு பக்கங்களிலிருந்தும் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில், ஒன்று வெம்மையான வண்ணமும் மற்றது குளிர்ந்த வண்ணமுமாக ஒளியூட்ட வேண்டும் என்று வகுத்தார். இரண்டும் ஒன்றென்று சொல்வது மிகை. பந்தம் கீழிருந்தும் அருகிலிருந்தும் வருவது, மின்விளக்கு மேலிருந்தும் தொலைவிலிருந்தும் வருவது. ஆயினும் முகத்தின் இரு பாதிகளையும் காப்பாற்ற வேண்டும் என்ற சிக்கலைப் பந்தம் பிடித்தவரும் மெக்காண்ட்லெஸும் கண்டனர் என்பதே இங்கு முக்கியம்.

அருச்சுனன் தபசில் சிக்கல் வேறு வகையானது. பாசுபதம் வேண்டித் தவம் செய்யும் அருச்சுனன், களத்தில் நடப்பட்ட உயர்ந்த தபசு மரத்தில் பாடியபடியே ஏறுகிறான். தரையில் பிடித்த பந்தத்தின் வெளிச்சம் மரத்தின் உச்சியை எட்டாது. இரவு முழுவதும் கதை நடத்தி, மரமேறும் கட்டத்தை விடியலை ஒட்டி வைக்கும் மரபில் இதற்கான விடை இருக்கிறது. உச்சியில் நிற்பவனைத் துலக்கும் வேலை கிழக்கு வானத்திடம் விடப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் பெற்றோமாக்ஸ் விளக்கு தோட்டங்களுக்கு வந்தது. மண்ணெண்ணெய்த் தொட்டியில் காற்றை அடித்து, ஆவியாகும் எண்ணெயை வலைத்திரியில் எரிக்கும் இந்த விளக்கு, பந்தத்தைவிடப் பன்மடங்கு வெளிச்சம் தந்தது. ஆனால் அது கம்பத்தில் தொங்கியது, ஆட்டக்காரரோடு நகரவில்லை. வெளிச்சம் களமெங்கும் ஒரே சீராகப் பரவியதால், விளக்குப் பிடிப்பவரின் கலை தேவையற்றதாயிற்று. காற்று இறங்கும்போது மீண்டும் அடிக்கும் வேலை மட்டும் எஞ்சியது. தொழில்நுட்ப முன்னேற்றம் ஒரு திறனை ஓசையின்றி அழிக்கும் நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

மின்சாரத்தின் கதை இதைவிட வேதனையானது. இலங்கையின் நீர்மின்சாரம் பிறந்ததே இந்த மலைகளில்தான். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் நீர்மின் திட்டத்துக்கான கருத்தை முன்வைத்தார். 1950இல் லக்ஷபான மின்நிலையத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாக்கலையின் நீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஓடைநீரில் சுழலும் சிறு விசையாழிகளும் இருந்தன. தொழிற்சாலையிலும் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவிலும் மின்விளக்கு எரிந்த காலத்தில், சில நூறு அடி தள்ளியிருந்த லயங்களில் குப்பி விளக்கே எரிந்தது. பல லயங்கள் மின்சாரத்தைக் காண நூற்றாண்டின் இறுதிப் பகுதிவரை காத்திருந்தன. கூத்து பந்தத்தோடும் பெற்றோமாக்ஸோடும் நின்றதை மரபின் பிடிவாதமாக மட்டும் எழுதும் ஆய்வாளர், இந்தப் புறக்கணிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதே காலத்தில், ஹட்டனிலிருந்து தொலைவில் இல்லாத பேராதனையில், தமிழ்க் கூத்து மின்னொளி அரங்கில் ஏறிக்கொண்டிருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை ஆகியவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு தயாரித்தார். சுற்றிலும் மக்கள் அமர்ந்து காணும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட அரங்குக்கு அவர் மாற்றியமைத்தார். பார்வை ஒரு பக்கமானதும் ஒளியும் திட்டமிட்டு வர வேண்டியதாயிற்று. ஈழத்துத் தமிழ் அரங்கில் கூத்துக்கு ஒளியமைப்பாளர் என்ற ஒருவர் தேவைப்பட்டது இந்தத் திருப்பத்தில்தான். பெரும் பணி அது. எனினும் அவர் எடுத்துக்கொண்டது மட்டக்களப்பு மரபு. பேராதனையைச் சூழ்ந்த மலைகளில் ஆடப்பட்ட காமன் கூத்து அந்த மேடைக்கு ஏறவில்லை.

ஏறாததற்குச் சமூகக் காரணம் உண்டு. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிக் கல்வியைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்ததோ 1970களிலும் அதற்குப் பின்னருமே. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா பயின்றவர்களும், 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரியும் தமிழ் நாடகக் கல்வியை வளர்த்த ஆண்டுகளில், மலையகத்தில் உயர்தர வகுப்பை எட்டுவதே அரிதாக இருந்தது. நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமாகி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தோன்றிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மட்டக்களப்புச் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் பட்டநெறிகளைத் திறந்தபின்பே, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இத்துறை ஒரு தெரிவாயிற்று. சிலப்பதிகார அரங்கை நன்கறிந்த விபுலானந்தரின் பெயர் தாங்கிய நிறுவகத்தில் ஒளியமைப்பு கற்பிக்கப்படுவது பொருத்தமே.

அத்தெரிவின் எல்லையையும் குறிப்பிட வேண்டும். தமிழ்மொழி மூலம் ஒளியமைப்பு தனிப் பட்டமாக அன்றி, நடிப்பு, நெறியாள்கை, காட்சியமைப்பு, ஒப்பனை ஆகியவற்றோடு ஒரு கூறாகவே கற்பிக்கப்படுகிறது. பட்டம் பெற்றோர் பெரிதும் எதிர்நோக்குவது ஆசிரியப் பணியை. இந்நிலையில் காமன் கூத்தை உள்ளரங்குக்குக் கொண்டுவர முனையும் மலையக மாணவருக்கு, பாடநூல் விடை தராத ஒரு செய்முறைச் சிக்கல் காத்திருக்கிறது. மூடிய மண்டபத்தில் கம்பத்தைக் கொளுத்த முடியாது. சுடரின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின் அளவில் செம்மஞ்சளாக இருக்க, அரங்கின் வழக்கமான டங்ஸ்டன் விளக்கு 3,200 கெல்வின் அளவில் வெண்மை சார்ந்திருக்கும்; செம்மஞ்சள் வடிகட்டியால் நிறத்தை நெருங்கலாம். சுடரின் நடுக்கத்துக்குத் தாழ வைத்த பல சிறு விளக்குகளைச் சீரற்ற இடைவெளியில் ஏற்றி இறக்க வேண்டும். கம்பம் எரிந்து தணிய எவ்வளவு நேரமாகும், அந்த நேரத்தில் தப்பின் அடி எங்கே மாறுகிறது, ரதியின் புலம்பல் எந்த அடியில் தொடங்குகிறது என்பவற்றையோ பொட்டலில் நின்று கணக்கெடுத்தால்தான் மின்தணிப்பானில் பதிய முடியும். கூத்து வாத்தியார்கள் வாழும் தோட்டங்களில் இன்றும் மாசி மாதத்தில் அந்தக் கணக்கெடுப்பைச் செய்ய இயலும்.