பண்டைய எகிப்தில் வன்கல் வெட்டும் முறை

கீசா பிரமிடுகளின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். செம்பு உளியாலேயே அதைச் செதுக்கிவிடலாம் என்பதால் அதில் புதிர் ஒன்றும் இல்லை. புதிராக நிற்பவை வேறு: கூபுவின் பிரமிடுக்குள் உள்ள கருங்கல் பேழை, அதன் கிழக்கே கோயில் தரையில் பாவிய பசால்ட் பாளங்கள், கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ள காஃப்ராவின் நைஸ் கல் சிலை, கர்னாக்கின் ஒற்றைக்கல் தூண்கள். மோஸ் அளவையில் செம்பின் கடினம் ஏறத்தாழ 3. கருங்கல்லில் கலந்துள்ள ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7. இரும்பை உருக்கிக் கருவி செய்யும் வழக்கம் எகிப்தில் பரவியதோ கி.மு. முதலாயிரத்தில்தான். துத்தன்காமன் கல்லறையில் கிடைத்த இரும்புக் குத்துவாளும் விண்கல் இரும்பால் ஆனது. எனவே எந்த உலோகம் கருங்கல்லை வெட்டியது என்று தேடுபவருக்கு விடை கிடைக்காது. எகிப்தியர் கல்லைக் கல்லாலேயே வென்றார்கள். அறுக்கவும் துளைக்கவும் மணலும், இடித்துக் குடையக் கடினமான உருண்டைக் கற்களும் பயன்பட்டன. செம்பின் வேலை மணலை அழுத்தி இழுத்துச் செல்வது மட்டுமே.

இந்த அறிவு பிரமிடுகளுக்கு மிக முந்தியது. அரச வம்சங்கள் தோன்றும் முன்பே, நகாதா பண்பாட்டுக் கைவினைஞர் பசால்ட் போன்ற கற்களைக் குடைந்து பாத்திரம் செய்தனர். ஜோசரின் படிப்பிரமிடுக்கு அடியிலுள்ள சுரங்கங்களில் மட்டும் சுமார் 40,000 கல் பாத்திரங்கள் அடுக்கப்பட்டிருந்தன. குடையும் கருவியைக் கல்லறைச் சுவர்களில் காணலாம். மேற்பகுதியில் பளுவுக்குக் கற்கள் கட்டிய தண்டு; அடியில் பிறை வடிவச் சிக்கிமுக்கிக் கல். கைவினையைக் குறிக்கும் சித்திர எழுத்தும் இக்கருவியின் படமே. இதனுடன் செம்புக் குழாய்த் துரப்பணமும் சேர்ந்தது. குழாயின் வாயருகே மணலிட்டுச் சுழற்றினால் கல் வளையமாகத் தேய்ந்து நடுவில் ஒரு தண்டு மிஞ்சும், அதை ஒடித்தெடுத்துவிடலாம். பெரிய பாளங்களை அறுக்கப் பல் இல்லாத நீண்ட செம்புத் தகடே ரம்பமாயிற்று. படிப்பிரமிடு வளாகத்தில் துளையிட்ட கற்களோடு கிடைத்த வெளிர்பச்சைத் தூளை வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூகாஸ் ஆராய்ந்தார். அதில் இருந்தது குவார்ட்ஸ் மணல். பச்சை நிறம் செம்பிலிருந்து வந்தது. கருவியும் மணலும் கல்லும் ஒரே இடத்தில் விட்டுச்சென்ற இந்தச் சான்றுக்கு மேலான ஒன்று இத்துறையில் அரிது.

ஆனாலும் முதல் எதிர்வாதம் எளிதில் தள்ளத் தக்கதன்று. அதை எழுப்பியவரே கீசாவை நுட்பமாக அளந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி. 1883இல் வெளிவந்த நூலில் அவர் கருங்கல் துளைத்தண்டு ஒன்றை விவரித்தார். அதைச் சுற்றித் திருகுபோல் ஓடிய கோடு, 6 அங்குலச் சுற்றுக்கு 0.1 அங்குலம் கீழிறங்குவதாகக் கணக்கிட்டார். உதிரி மணல் இப்படிக் கீறாது, குழாயின் விளிம்பில் வைரம் போன்ற கடின மணிகள் பதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஆனால் வைரம் எகிப்தியருக்குத் தெரிந்திருந்ததற்குத் தடயமே இல்லை. மென்மையான செம்பில் மணல்மணிகள் தாமாகவே புதைந்து தற்காலிகப் பற்களாகும். குழாயை உள்ளே இறக்கும்போதும் வெளியே இழுக்கும்போதும் ஒட்டிய துகள் சாய்வாகக் கீறுவதும் இயல்பு. ஆகவே ஒரு கோட்டின் சாய்வைக் கொண்டு துளை இறங்கிய வேகத்தைக் கணக்கிட முடியாது. மறுபுறம், 1983இல் ஆய்வாளர்கள் கோரெலிக்கும் குவினெட்டும் ஒரு கருங்கல் பேழை மூடியின் துளையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, அத்தகைய ஒழுங்கான வளையக்கோடுகளைக் குவார்ட்ஸ் மணல் தரவில்லை, குருந்தம் என்னும் கடினக் கனிமத்தின் துகள் தந்தது என்றனர். இதை மறுக்கத் தேவையில்லை. அமர்னாவின் பெரிய ஆத்தன் கோயில் பொருள்களிலும் குருந்தம் பயன்பட்டதற்கான தடயம் கிடைத்துள்ளது. நுண்ணிய வேலைக்குக் குருந்தமும் பேரளவு வேலைக்குக் கைக்கெட்டும் பாலைவன மணலும் என இரண்டுமே புழங்கியிருக்கலாம். எதுவாயினும் தேய்ப்புத்தூளே வெட்டியது என்னும் அடிப்படை மாறுவதில்லை.

குழாயும் நீள ரம்பமும் ஏன் அகழாய்வில் கிடைப்பதில்லை என்பது அடுத்த கேள்வி. செம்பு அரசின் சொத்து. தீர் எல்-மதீனாவில் கல்லறை குடைந்த தொழிலாளரின் செம்புக் கருவிகளை எடைபோட்டுக் கணக்கு வைத்த குறிப்புகளே கிடைத்துள்ளன. தேய்ந்தது உலைக்குத் திரும்பும். அறுக்கும்போது தேயும் செம்பும் குறைந்ததன்று. டெனிஸ் ஸ்டாக்ஸ் பல ஆண்டுகள் செய்து பார்த்த சோதனைகளில், செம்புத் தகடும் மணலும் கருங்கல்லை உறுதியாக அறுத்தன. கூடவே செம்பும் பெருமளவில் கரைந்தது. சினாய்ச் சுரங்கங்களுக்கு அரசர்கள் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பியதையும், கூபு காலத்தில் செங்கடற் கரையில் வாடி எல்-ஜர்ஃப் துறைமுகம் அமைந்ததையும் இந்தச் செம்புப் பசியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அறுப்பதும் துளைப்பதும் பட்டறை வேலை. மலையிலிருந்து கல்லைப் பிரிப்பது வேறு. அதன் முறை அஸ்வானில் முற்றுப்பெறாத தூணில் அப்படியே உறைந்து கிடக்கிறது. சுமார் 42 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. விரிசல் கண்டதால் கைவிட்டார்கள். 1920களின் தொடக்கத்தில் அதைத் துப்புரவாக்கி ஆராய்ந்த ரெஜினால்ட் எங்கல்பாக், சுற்றியுள்ள அகழியில் உளித்தடம் இல்லை என்று கண்டார். சுவர்கள் குழிகுழியாக வழுவழுப்பாக இருந்தன. அருகில் டாலரைட் உருண்டைகள் சிதறிக் கிடந்தன. தாமே உருண்டையைக் கையிலெடுத்து ஒரு மணி நேரம் இடித்தபோது சிறு பரப்பு சுமார் 5 மில்லிமீட்டர் தாழ்ந்ததாக எழுதினார். இவ்வளவு மந்தமான முறையில் ஒரு தூணை எப்படி முடிப்பது என்ற ஐயத்துக்குக் கணக்கே பதில். ஓர் ஆளின் பொறுப்பில் அதைப்போல் ஐந்து மடங்கு பரப்பு என்று வைத்தால், மணிக்கு 1 மில்லிமீட்டர். நாளைக்குப் பத்து மணி நேரம் இடித்தால் 1 சென்டிமீட்டர். ஏழு மாதத்தில் இரண்டு மீட்டருக்கு மேல். அரசி ஹத்செப்சுத் கர்னாக்கில் நிறுத்திய தூண்கள் ஏழு மாதத்தில் வெட்டப்பட்டதாக அவள் கல்வெட்டே கூறுகிறது. அவற்றில் இன்றும் நிற்கும் தூணின் உயரம் 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவு; அடிப்பகுதி இரண்டரை மீட்டர் அளவு. பழகிய கைகளும் முறைவைத்து மாறும் ஆட்களும் இருந்தால் இந்தக் கணக்கு கல்வெட்டோடு பொருந்திவிடுகிறது. நீளவாட்டில் அடுத்தடுத்து அமர நூற்றுக்கு மேற்பட்டோருக்கு இடமுண்டு. அத்தனை பேரின் உழைப்பை ஏழு மாதம் தாங்கும் தானியமும் நிர்வாகமும் அரசிடம் இருந்தன. இதைக் கணக்கில் எடுக்காமல் மறைந்துபோன இயந்திரங்களைத் தேடுபவர்கள் அந்த உழைப்பாளிகளுக்கு அநீதி செய்கிறார்கள்.

கையால் இவ்வளவு துல்லியம் வருமா என்பார்கள். துல்லியம் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. கூபுவின் பேழையில் ரம்பம் தடம் தவறி ஆழமாக இறங்கியதையும், வெளியே எடுத்து மீண்டும் தொடங்கியதையும், உள்ளே துரப்பணம் சற்று அதிகமாகத் தின்றுவிட்டதையும் பெட்ரியே பதிவு செய்தார். கை தளர்ந்த இடம் அப்படியே கல்லில் நிற்கிறது. மேற்பரப்பை வழவழப்பாக்கிய விதத்தை லக்சரில் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறை ஓவியம் காட்டுகிறது: சாரத்தின் மேல் ஏறிய ஆட்கள் பெருஞ்சிலையை உருண்டைக் கற்களால் இடித்தும் தேய்த்தும் சீராக்குகிறார்கள்.

ஈரத்தில் ஊறிப் பருக்கும் மர ஆப்புகளால் கருங்கல்லைப் பிளந்தார்கள் என்பது இன்னும் பாடநூல்களில் உலவும் கதை. அஸ்வானில் காணும் ஆப்புக் குழிகளை ஆராய்ந்த யோசெஃப் ரோடர், அவை பிற்காலத்து இரும்பு ஆப்புகளுக்கானவை என்று 1965இல் நிறுவினார். பாரோக்களின் பெருங்காலத்தோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. சக்காராவில் செராபியம் என்னும் நிலத்தடி வளாகத்தில் உள்ள மாபெரும் கல் பெட்டிகளையும் இந்தக் கால வரிசையில்தான் வைக்க வேண்டும். அவற்றில் ஒன்றில் கி.மு. 6ஆம் நூற்றாண்டு அரசர் அமாசிஸின் பெயர் உள்ளது. அதற்குள் எகிப்தியக் கல்தச்சர் கையில் இரும்பும் வந்து சேர்ந்திருந்தது.